வேலைக்குப் போகும் வீட்டில் கோழிக்குஞ்சு வளருமா?

ஓர் அட்டைப் பெட்டி. பக்கமெல்லாம் துளை. உள்ளே "கீச், கீச்" என்று ஓயாத சத்தம்.

பிறந்து ஒரே நாள் ஆன கோழிக்குஞ்சுகள் இப்படித்தான் ஊர் விட்டு ஊர் வருகின்றன. நேற்று எங்கோ ஒரு பொரிப்பகத்தில் முட்டையை உடைத்துக்கொண்டு வந்த குஞ்சு, இன்று அருப்புக்கோட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருக்கும்.

பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் குதிப்பார்கள். "எனக்கு மஞ்சள், உனக்குக் கருப்பு" என்று பங்கு போடுவார்கள். பெரியவர்களுக்கோ வேறு கவலை.

"நாளைக்குக் காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவோமே! இதுகளை யார் பார்ப்பது?"

நியாயமான கவலைதான். அதற்கு விடை உண்டா? உண்டு!

வானம் பார்த்த பூமி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பு, சோளம், பருத்தி, உளுந்து. மழை பொய்த்தால் கூலி வேலை. அருப்புக்கோட்டை ஊருக்குள் தறி ஓடுகிறது. ஊரைச் சுற்றி நூல் ஆலைகள் இருக்கின்றன. கிராமத்துப் பெண்கள் விடியுமுன் சோற்றுத் தூக்கோடு புறப்படுகிறார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும்.

இந்த வீடுகளில் கோழி என்பது வெறும் கறி அல்ல. அது கைக்காசு! பிள்ளைக்குப் பள்ளிக்கூட நோட்டு வாங்க வேண்டுமா? திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவா? கோயில் கொடைக்கு வரி கட்ட வேண்டுமா? ஒரு சேவலைப் பிடித்து விற்றால் போதும். யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

ஆனால், சேவலாகி விலை போவதற்கு முன்னால் குஞ்சு பிழைக்க வேண்டுமே!

பல வீடுகளில் நடப்பது என்ன? முதல் நாள் 25 குஞ்சு இருக்கும். மறுநாள் காலையில் மூன்று செத்துக் கிடக்கும். ஒரு வாரத்தில் பாதி போய்விடும். "சீக்கு வந்துவிட்டது" என்பார்கள். "கண்ணுபட்டுவிட்டது" என்பார்கள்.

முதல் வாரத்தில் சாகும் குஞ்சுகளில் பல, நோயால் சாவதில்லை. குளிராலும், தாகத்தாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கியும் சாகின்றன. இந்த மூன்றையும் மனிதன் தடுக்க முடியும்.

தாய் எங்கே போனாள்?

"கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்பது பழமொழி. தாய்க்கோழி இருந்தால் குஞ்சுக்குக் கவலை இல்லை.

பெட்டியில் வரும் குஞ்சுக்குத் தாய் கிடையாது. அடைகாத்தது கோழி அல்ல, மின்சாரப் பெட்டி. அதில் 21 நாள் சூடு கொடுத்தால் குஞ்சு வந்துவிடும்.

முட்டைக்கென்று வளர்க்கும் வெள்ளை லெகார்ன் கோழியைப் பாருங்கள். அது அடைகாப்பதையே மறந்துவிட்டது! அடையில் உட்காரும் கோழி முட்டை இடுவதை நிறுத்திவிடும். ஆகவே, அடை உட்காராத கோழிகளாகப் பார்த்துப் பார்த்து, பல தலைமுறையாக மனிதன் பெருக்கினான். முட்டை கூடியது. தாய்மை போயிற்று. நம் ஊர்ச் சிறுவிடைக் கோழி அப்படி அல்ல. அது இன்றும் நல்ல தாய்.

சரி, தாய் இல்லாத குஞ்சு பெட்டியில் பசியோடு எப்படிப் பயணம் செய்கிறது?

இயற்கை அதற்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்திருக்கிறது! முட்டையை விட்டு வெளியே வருமுன், மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதைக்கொண்டு இரண்டு மூன்று நாள் உயிர் தாங்கும். இதனால்தான் அமெரிக்காவில் 1918 முதல் குஞ்சுகளைத் தபாலிலேயே அனுப்புகிறார்கள்!

வீடு வந்து சேரும்போது கட்டுச்சோறு தீரும் நேரம். அப்போதிருந்து குஞ்சின் உயிர் வீட்டுக்காரர் கையில்.

தாய்க்கோழி செய்யும் ஐந்து வேலை

தாய்க்கோழி நாள் முழுவதும் என்ன செய்கிறது? சூடு கொடுக்கிறது. தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. தீனியைக் கிளறிக் கொடுக்கிறது. காவல் காக்கிறது. எந்தக் குஞ்சு பின்தங்கியது என்று கவனிக்கிறது.

வேலைக்குப் போகிறவர் இந்த ஐந்தையும் நாள் முழுவதும் செய்ய முடியாது. ஆனால் முதல் நான்கையும் பொருள்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். ஐந்தாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

எப்படி என்று பார்ப்போம்.

1. சூடு

முதல் வாரம் குஞ்சுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். அதன் பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். மூன்று நான்கு வாரத்தில் இறகு முளைத்துவிடும். பிறகு சொந்த இறகே சட்டை!

ஒன்றரை அடி உயரமுள்ள அட்டையையோ தகரத்தையோ வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். 25 குஞ்சுக்கு மூன்றடி அகல வட்டம் முதலில் போதும். சதுரப் பெட்டி வேண்டாம். ஏன்? குளிர்ந்தால் குஞ்சுகள் மூலையில் போய் அடையும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். வட்டத்தில் மூலை ஏது?

தரையில் இரண்டு அங்குல உயரத்துக்கு உமியோ, கடலைத் தொலியோ பரப்புங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அதன்மேல் பழைய பத்திரிகைத் தாள் விரித்து, தினமும் மாற்றுங்கள். வழவழப்பான தாள் கூடாது. கால் வழுக்கி ஊனமாகிவிடும்.

மேலே பல்பு தொங்கட்டும். ஒரு குஞ்சுக்கு 1 முதல் 2 வாட் என்பது கணக்கு. 25 குஞ்சுக்கு 40 வாட், அல்லது பனிக்காலமானால் 60 வாட் பல்பு போதும். ஒரே பல்பாகப் போடாமல் சிறியதாக இரண்டு போட்டால் இன்னும் நல்லது. வேலைக்குப் போன நேரத்தில் ஒன்று பீஸ் போனாலும் மற்றது காக்கும்.

இங்கேதான் இந்தக் காலத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டில் இருக்கும் எல்.இ.டி. பல்பை மாட்டிவிட்டு, "விளக்குத்தான் எரிகிறதே" என்று போய்விடுகிறார்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும். குஞ்சுக்கு வேண்டிய சூடு தராது! பழைய குண்டு பல்புதான் வேண்டும். கடையில் கேட்டு வாங்குங்கள்.

முக்கியமான ஒன்று. பல்பை வட்டத்தின் நடுவே தொங்கவிடாமல் ஒரு பக்கமாகத் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி. குளிர்ந்தால் குஞ்சு பல்படிக்கு வரும். வெக்கையானால் விலகிப் போகும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் வேறு வழி இல்லை. குஞ்சே தேர்ந்துகொள்ளட்டும்!

சித்திரை, வைகாசியில் அருப்புக்கோட்டை வெயிலைக் கேட்க வேண்டாம். தகரக் கூரை வீட்டில் மத்தியானம் பல்பே தேவைப்படாது. அப்போது காலையில் அணைத்துவிட்டு, இரவில் போட்டால் போதும். வெயிலிலும் பல்பை எரியவிட்டுப் போனால் குஞ்சு வெந்துபோகும். கார்த்திகை, மார்கழியில் பகலிலும் பல்பு வேண்டும்.

தீ! எச்சரிக்கை!

காய்ந்த உமியின்மேல் சூடான பல்பு விழுந்தால் என்ன ஆகும்? தறி இருக்கும் வீடானால் பஞ்சும் நூலும் பாவும் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே பல்பை ஒயரை நம்பித் தொங்கவிடாதீர்கள். கம்பியால் உத்தரத்தில் கட்டுங்கள். தரையிலிருந்து ஓர் அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். துணியும் சாக்கும் பல்பைத் தொடக்கூடாது. தறி இருக்கும் அறையில் குஞ்சை வைக்கவே வேண்டாம்.

மின்சாரம் போனால்? வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி, துணி சுற்றி வட்டத்துக்குள் வைக்கலாம். குஞ்சுகள் அதை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள். அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், மனிதரையும் கொல்லும்.

2. தண்ணீர்

பெட்டியைத் திறந்ததும் முதலில் தீனி அல்ல, தண்ணீர்! காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து வையுங்கள். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, அலகை ஒரு தடவை தண்ணீரில் தொட்டுவிடுங்கள். தாய் காட்டுவதைக் கை காட்டுகிறது. ஒரு தடவை ருசி கண்டால் பிறகு தானே குடிக்கும்.

அகலக் கிண்ணம் கூடாது. குஞ்சு அதில் விழுந்து நனையும். நனைந்த குஞ்சு குளிரில் சாகும். குஞ்சுக்கென்று விற்கும் கவிழ்ப்புக் குப்பி நல்லது. அது இல்லையா? தட்டில் கூழாங்கல்லைப் பரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். கல்லுக்கு நடுவே அலகு போகும், உடம்பு போகாது.

வெளியே போகிறவர் இரண்டு இடத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். ஒன்று கவிழ்ந்தாலும் ஒன்று இருக்கும். பல்புக்கு நேர் அடியில் வைக்காதீர்கள். தண்ணீர் சூடாகிவிட்டால் குஞ்சு குடிக்காது.

3. தீனி

முதல் நாள் கம்பையோ சோளத்தையோ குருணையாக உடைத்துத் தாளின்மேல் தூவுங்கள். குஞ்சு தரையில் கொத்திப் பழகும். மறுநாள் முதல் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தைத் தட்டில் வையுங்கள். வெறும் குருணை மட்டும் தின்னும் குஞ்சு வளராது. வளரும் உடம்புக்குப் புரதம் வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, செலவில்லாத புரதம் ஒன்று இருக்கிறது. அது கரையான்! பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மாலையில் அதைக் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். காலையில் எடுத்தால் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகள் போட்டி போட்டுத் தின்னும். இரவில் வேலை செய்வது கரையான். வீட்டுக்காரருக்கு வேலை இல்லை.

பூசணம் பிடித்த தீனியை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் போடாதீர்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தெரியாமல் திகைத்தார்கள். கடைசியில், அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூசணத்தின் விஷமே காரணம் என்று கண்டார்கள். "மனிதன் தின்னாததைக் கோழிக்குப் போடு" என்பது தவறு. பூசணம் பிடித்த கடலையும் சோளமும் குப்பைக்குழிக்குப் போகட்டும்.

4. காவல்

காகம், பருந்து, பூனை, கீரி, பெருச்சாளி, பாம்பு. குஞ்சுக்கு எத்தனை எதிரிகள்! முதல் மூன்று வாரம் வீட்டுக்குள்ளோ, கதவுள்ள கொட்டகையிலோ வைப்பதே பத்திரம். வட்டத்தின்மேல் கம்பி வலை போட்டு மூடுங்கள். வலையின் கண் சிறிதாக இருக்கட்டும். காற்று வர வேண்டும், பூனை வரக்கூடாது.

மூன்று வாரம் கழிந்தபின் வெயில் காய விடலாம். அதற்கு நம் பஞ்சாரம் இருக்கிறதே! மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, காற்றில் புரளாமல் மேலே ஒரு கல் வைத்தால் போதும். நிழல் நகரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். காலையில் நிழலாக இருந்த இடம் மத்தியானம் வெயிலாகிவிடும். ஆள் இல்லாத நாளில் பஞ்சாரத்தை வெளியே வைக்க வேண்டாம்.

5. கவனிப்பு

இதை எந்தப் பொருளும் செய்யாது. ஆனால் இதற்கு அதிக நேரம் பிடிக்காது. குஞ்சு தன் குறையைத் தானே சொல்லும்!

எல்லாம் பல்படியில் குவிந்து "கீச் கீச்" என்று கத்துகின்றனவா? குளிர். பல்பை இறக்கு.

எல்லாம் ஓரத்துக்கு ஓடி, வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றனவா? வெக்கை. பல்பை ஏற்று.

பரவலாகப் படுத்து, மெல்லிய குரலில் முணுமுணுக்கின்றனவா? எல்லாம் சரி. நிம்மதியாக வேலைக்குப் போகலாம்!

குஞ்சின் பின்புறத்தையும் பாருங்கள். எச்சம் காய்ந்து ஒட்டி அடைத்திருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்துச் சூட்டில் விடுங்கள். அப்படியே விட்டால் குஞ்சு செத்துப்போகும்.

ஒரு நாளின் கணக்கு

வேலைக்குப் போகிறவர்கள் குஞ்சு வாங்கும் நாளையே யோசித்து வைக்க வேண்டும். மறுநாள் விடுமுறை இருக்கும்படி வாங்குங்கள். முதல் நாள்தான் குஞ்சுக்குக் கண்டம். அன்று ஒருவர் வீட்டில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. குஞ்சு வருவதற்கு முன்பே வட்டம் கட்டி, சில மணி நேரம் பல்பு எரியவிட்டு, தரையைச் சூடாக்கி வைத்திருங்கள். பெட்டி வந்தபின் பல்பு தேடி ஓடக்கூடாது.

காலையில் கால் மணி நேரம்: தாளை மாற்று, தண்ணீர்த் தட்டைக் கழுவி நிரப்பு, தீனி வை, எண்ணிப் பார்.

மத்தியானம் ஐந்து நிமிடம்: இதற்கு ஒரு ஆள் வேண்டும். வீட்டில் அப்பத்தா இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் பக்கத்து வீடு இருக்கிறது. "மதினி, மத்தியானம் ஒரு எட்டு வந்து குஞ்சுக்குத் தண்ணி இருக்கான்னு பாத்துக்கிருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். கோழி முட்டையிடும் காலத்தில் மதினிக்கு நாலு முட்டை கொடுத்தால் போயிற்று!

மாலையில் கால் மணி நேரம்: ஈரமான உமியை அள்ளி எறி, புதிது போடு. ஈர உமியில்தான் ரத்தக்கழிச்சல் பிறக்கிறது.

இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம்: பல்பு எரிகிறதா, வலை மூடியிருக்கிறதா, பல்பு கட்டிய கம்பி உறுதியாக இருக்கிறதா என்று பார்.

மொத்தம் முக்கால் மணி நேரம்கூட இல்லை.

பிள்ளைகளும் உதவலாம். எண்ணுவதும் தண்ணீர் வைப்பதும் அவர்கள் வேலையாக இருக்கட்டும். ஆனால் குஞ்சை முத்தமிடக் கூடாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குஞ்சின் எச்சத்தில் இருக்கும் கிருமி பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

சாயக் குஞ்சு

பச்சை, ஊதா, ரோஸ் என்று சாயம் பூசிய குஞ்சுகளைத் தெருவில் கூடையில் கொண்டுவந்து விற்கிறார்கள். இவை பெரும்பாலும் முட்டைக் கோழிப் பண்ணைகளுக்கு வேண்டாத சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறியும் சீக்கிரம் ஏறாது. அதனால் கழித்துவிடுகிறார்கள்.

பிள்ளை அழுகிறதென்று வாங்கி, அட்டைப் பெட்டியில் போட்டு மூடினால், இரண்டொரு நாளில் செத்துவிடும். பிள்ளை மறுபடியும் அழும்! வாங்கினால் இவற்றுக்கும் அதே சூடு, அதே தண்ணீர் வேண்டும். சாயம் பூசியதால் குளிர் தெரியாமல் போகாது.

7-ஆம் நாள் சொட்டு மருந்து

முதல் வாரம் தாண்டிய குஞ்சுக்கு அடுத்த எமன், வெள்ளைக்கழிச்சல். இதற்கு ராணிக்கெட் நோய் என்று பெயர். 1926-இல் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் கண்டார்கள். மறு ஆண்டு இமயமலைப் பக்கம் ராணிக்கெட் என்ற ஊரில் கண்டார்கள். அந்தப் பெயரே இந்தியாவில் நிலைத்துவிட்டது. வந்துவிட்டால் மருந்து இல்லை. வருமுன் காக்க மருந்து உண்டு.

7-ஆம் நாள், கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 28-ஆம் நாள் மறுபடியும். 8 வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறை ஊர் ஊராக இலவச முகாமும் நடத்துகிறது. கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்து வைத்திருந்தால் போட்டுவிட்டுப் போவார்கள். தமிழ்நாட்டில் இந்தத் தடுப்பு மருந்தைத் தயாரிக்கும் அரசு நிலையம் ராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கியது. ராணிக்கெட்டில் பெயர் பெற்ற நோய்க்கு ராணிப்பேட்டையில் மருந்து!

சர்க்கார் கண்ட பாடம்

ஏழைப் பெண்களுக்குக் கோழி கொடுக்கும் திட்டங்கள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2018-19 பட்ஜெட்டில் 77,000 பெண்களுக்கு, ஆளுக்கு 50 குஞ்சு கொடுக்கும் திட்டம் வந்தது. 2022-23-இல் 38,700 பெண்களுக்கு, பாதி விலை மானியத்தில் ஆளுக்கு 40 நாட்டுக்கோழிக் குஞ்சு என்று திட்டம் போட்டார்கள்.

இந்த இரண்டாவது திட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கொடுப்பது ஒரு நாள் குஞ்சு அல்ல. நான்கு வாரக் குஞ்சு! சூடு வேண்டிய கண்டம் தாண்டிய குஞ்சு அது.

மூன்று வாரம் முக்கால் மணி நேரம்கூட ஒதுக்க முடியாத வீடுகளுக்கு இதில் வழி இருக்கிறது. நான்கு வாரக் குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும். ஆனால் 25 ஒரு நாள் குஞ்சு வாங்கி 15-ஐப் புதைப்பதைவிட, பத்து வாங்கிப் பத்தையும் வளர்ப்பது லாபம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வீட்டிலோ பக்கத்திலோ அடைக்கோழி இருக்கிறதா? அது அடையில் உட்கார்ந்து மூன்று வாரம் ஆகும் சமயம் பார்த்து ஒரு நாள் குஞ்சை வாங்குங்கள். இரவில், இருட்டில், சத்தமில்லாமல், ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்கு அடியில் விடுங்கள். பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்கு மேல் வேண்டாம். காலையில் அது தன் குஞ்சு என்றே எண்ணி அழைத்துக்கொண்டு போகும். எப்போதாவது சில கோழிகள் கொத்தும். ஆகவே விடிந்ததும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தாய் ஏற்றுக்கொண்டால் பல்பும் வேண்டாம், வட்டமும் வேண்டாம்.

அந்தத் தாயை நீங்களே உண்டாக்கலாம். பல்படியில் வளரும் நாட்டுக்கோழிக் குஞ்சு ஏறக்குறைய ஆறு ஏழு மாதத்தில் முட்டையிடும். பிறகு ஒரு நாள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, "கொக் கொக்" என்று அடையில் உட்காரும். தாயைப் பார்க்காத குஞ்சு தானே தாயாகிவிடும்!

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் கவலை இல்லாமல் வேலைக்குப் போகலாம். குஞ்சைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறது.